எல்லை மறந்த செல்லும் நம் தவக்குலும்



உடலில் பிரியும் செல் முதலில் வளர்கிறது, மரபுப்பொருளை இரட்டிக்கிறது, பிழையுண்டா எனச் சரிபார்க்கப்பட்ட பின்னரே இரண்டாகிறது. திருத்தவியலாப் பிழை இருப்பின் நின்றுவிடும், அல்லது தானே மடியும். அல்லாஹ் அமைத்த இந்த அளவை மீறி, நிற்க மறுத்துப் பெருகுவதே புற்றுநோய்.

அரூரில் எம் மதரஸாவுக்கு வரும் தாய்மார்களுக்கு இதையே சொல்கிறேன். மார்பில் கட்டி தோன்றினால் வெட்கத்தால் மறைக்காதீர்கள். வலியில்லை என்று ஆறுதலடையாதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. எல்லாக் கட்டியும் புற்றன்று. ஆயினும் அதை உரைக்க வேண்டியவர் மருத்துவரே.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954 முதல் இயங்குகிறது. தாமதமாகச் சென்றால் எந்த மருத்துவமனையிலும் சிகிச்சை கடினமே.

ஒட்டகத்தைக் கட்டிய பின் இறைவனிடம் ஒப்படைப்பதே தவக்குல். உடல் அமானிதம், பரிசோதனையும் அதைப் பேணுவதே.