கையெழுத்து மட்டும் மேற்பார்வை இல்லை

உளவியல் படித்து முடித்த கையோடு அரச வைத்தியசாலை ஒன்றின் உளநலப் பிரிவுக்குப் போனவர்கள் நாங்கள். மூன்று பேர். ஒருவருக்குத் திட்டம் ஒன்றின் கீழ் கொடுப்பனவு கிடைத்தது, மற்ற இரண்டு பேருக்கும் பயணக்காசு மட்டும். ஆனால் மூன்று பேரின் கடிதத்திலும் ஒரே வரி இருந்தது: உளமருத்துவ நிபுணரின் மேற்பார்வையின் கீழ் பணியாற்றுவார். அந்த வரியைப் பார்த்து வீட்டில எல்லாருக்கும் சந்தோசம். பெரிய டொக்டருக்குக் கீழ வேலை எண்டால் சும்மாவா?

மேற்பார்வை என்றால் என்ன என்று முதல் மாத முடிவிலேயே விளங்கிவிட்டது. வரவுப் பதிவில் டொக்டர் வைக்கிற கையெழுத்துத்தான் அது. அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. கிளினிக் நாளில் விடிய ஏழு மணிக்கே வாங்குகள் நிரம்பிவிடும். ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். குளிசை ஒழுங்காப் போடுறீங்களா, நித்திரை வருதா, அடுத்த திகதி இது. அதற்கு மேல் கதை உள்ளவர்களை எங்கட அறைக்கு அனுப்புவார்கள். அறை என்றால் பழைய பைல்கள் அடுக்கியிருக்கிற, கதவு முழுதாகச் சாத்தாத ஒரு இடம். "அந்தப் பிள்ளையளோட கொஞ்சம் கதையுங்கோ." எங்களுக்கு வந்த பரிந்துரை அவ்வளவுதான்.

நாங்கள் கதைத்தோம். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

ஒரு அம்மா வந்தா. மகன் 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர். நித்திரை இல்லை, சாப்பாடு இறங்காது, நெஞ்சுக்குள்ள எரியுது. எங்களில் ஒருவர் நாலு தரம் அவவோடு இருந்து கதை கேட்டார். பாடத்தில் நாங்கள் படித்திருந்தது துக்கத்தின் படிநிலைகளை. கடைசிப் படி ஏற்றுக்கொள்ளல் என்று பரீட்சையில் எழுதிப் புள்ளியும் எடுத்திருந்தோம். ஐந்தாம் தரம், மிக மென்மையாகத்தான், "அம்மா, அவர் இனி வரமாட்டார் எண்டதை ஏற்றுக்கொள்ளப் பாருங்கோ" என்று சொல்லப்பட்டது. அம்மா கோபப்படவில்லை. "சரி பிள்ளை" என்றா. கிளினிக் கொப்பியைப் பையுக்குள் வைத்துக்கொண்டு எழும்பினா. அடுத்த திகதிக்கு வரவில்லை. அதற்கடுத்த திகதிக்கும் வரவில்லை. குளிசை எடுக்கக்கூட வரவில்லை.

பிறகு, பல மாதம் கழித்துத்தான், பவுலின் பொஸ் எழுதியவற்றை வாசித்தோம். வியட்நாம் போரில் காணாமல் போன படைவீரர்களின் குடும்பங்களோடு 1970 களில் வேலை செய்தவர். இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாத இழப்பைச் சாவைப் போலக் கையாள முடியாது, அதற்கு முடிவு கட்டச் சொல்லி வற்புறுத்தக்கூடாது என்பது அவர் சொன்னதன் சாரம். எங்கட மண்ணில் இதைச் சொல்ல அமெரிக்காவில் இருந்து ஆள் வரத் தேவையில்லை. அந்த அம்மாவைப் போன்றவர்கள் 2017 இல் இருந்து தெருவோரக் கொட்டகைகளில் படங்களோடு இருந்து அதைத்தானே சொன்னார்கள். ஆனால் நாங்கள் புத்தகத்தை நம்பினோம். அனுபவமுள்ள ஒருவர் இரண்டாம் சந்திப்புக்குப் பிறகு எங்களைக் கூப்பிட்டு, "என்ன கதைச்சனீங்கள், அடுத்த தரம் என்ன கதைக்கப் போறீங்கள்" என்று கேட்டிருந்தால் அந்த வசனம் எங்கட வாயில் இருந்து வந்திருக்காது. ஒரு மணித்தியாலம் போதுமாக இருந்திருக்கும்.

இதை எழுதுவது பாவமன்னிப்புக்காக இல்லை. உளவியல் படித்த இளம் ஆட்களுக்கு அரச உளநலப் பிரிவுகளில் வேலை கொடு என்று எல்லாரும் கேட்கிறோம். நாங்களும் கேட்கிறோம். ஆனால் வேலையை மட்டும் கேட்டு மேற்பார்வையைக் கேட்காமல் விட்டால், பட்டதாரிக்குச் சம்பளம் வரும், நோயாளிக்கு இன்னொரு அனுபவமில்லாத ஆள் வருவார். அவ்வளவுதான் நடக்கும்.

மேற்பார்வையை ஒரு வரியாக எழுதாமல் நேரக்கணக்காக எழுதின இடங்கள் இருக்கின்றன. கலிபோர்னியாவில் உரிமம் பெறாமல் மேற்பார்வையின் கீழ் வேலை செய்கிற உளவியல் இணைப் பணியாளர்கள் என்று ஒரு வகுதி உண்டு. முன்பு உதவியாளர் என்று இருந்த பெயரை 2022 ஜனவரியில் மாற்றினார்கள். முதுமாணியாவது முடித்திருக்க வேண்டும். உரிமம் எடுப்பதற்கு மொத்தம் 3000 மணித்தியாலம் மேற்பார்வையோடு வேலை செய்திருக்க வேண்டும். வேலை செய்கிற நேரத்தில் பத்தில் ஒரு பங்கு மேற்பார்வைக்குப் போகவேண்டும், அதில் கிழமைக்கு ஒரு மணித்தியாலமாவது மேற்பார்வையாளரும் அவரும் தனியாக, நேருக்கு நேர் இருக்கவேண்டும். நாற்பது மணித்தியால வேலைக்கிழமை என்றால் நாலு மணித்தியாலம். இதைவிட எங்களுக்குப் பிடித்தது இன்னொரு விதி. வேலை தொடங்க முதலே அவர் வந்தவரிடம் சொல்லிவிடவேண்டும்: நான் உரிமம் பெற்றவர் இல்லை, இன்னாரின் மேற்பார்வையில் இருக்கிறேன், உங்கள் கோவையை அவரும் பார்ப்பார்.

நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை. வாற சனம் எங்களை "டொக்டர்" என்று கூப்பிட்டது. முதல் கிழமை திருத்தினோம். இரண்டாம் கிழமை களைத்துப்போய் விட்டுவிட்டோம். மூன்றாம் கிழமை, உண்மையைச் சொன்னால், கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆறு மாத டிப்ளோமாவோடு முகநூலில் உளவியலாளர் என்று பக்கம் திறக்கிற நண்பர்களை நாங்கள் நக்கல் அடிக்கிறோம். நாங்கள் செய்ததும் அதில் பாதிதான்.

கலிபோர்னியா பணக்கார இடம், அதை இங்க கொண்டுவந்து வைக்க ஏலாது என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான். எங்கட உளநலச் சட்டத்தின் அடிப்படை இன்னும் 1873 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். லைப்சிக்கில் வூண்ட் முதல் உளவியல் ஆய்வுகூடத்தைத் திறந்ததே 1879 இல்தான். உளவியல் என்ற தொழிலே இல்லாத காலத்துச் சட்டத்துக்குள் உளவியலாளருக்கு இடம் தேடினால் எங்கே கிடைக்கும்? 2005 இல் வந்த தேசிய உளநலக் கொள்கை அங்கொடையில் குவிந்திருந்த சேவையை மாவட்டங்களுக்குக் கொண்டுபோகச் சொன்னது. மாவட்டங்களில் பிரிவுகள் வந்தன. ஆனால் எங்களுக்கு அந்த ஒரு மணித்தியாலம் வரவில்லை.

எங்கட ஆட்கள் இன்னொரு நியாயமும் சொல்கிறார்கள். ஒருவருமே இல்லாத ஊரில் யாராவது இருந்து கதை கேட்டால் போதாதா, போர்க்காலத்தில் அப்படித்தானே சமாளித்தோம்? இதில் உண்மை இருக்கிறது. உளமருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியதாக இருந்த காலத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் ஆசிரியர்களையும் கிராம மட்டப் பணியாளர்களையும் பயிற்றினார்கள். மருத்துவர் அல்லாதவரும் இந்த வேலையைச் செய்யலாம் என்பதற்கு அதுவே சாட்சி. அதனால் பெரிய பட்டம் உள்ளவர் மட்டும்தான் கதைக்கலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அந்த மரபை "மூன்று நாள் பட்டறை, ஒரு சான்றிதழ், பிறகு நீ பார்த்துக்கொள்" என்று சுருக்கியது யார்? திட்டக்காசு முடிகிற திகதியோடு ஆளை அனுப்பிவிடுகிற பழக்கம் எங்கிருந்து வந்தது?

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு ஐயா வந்து "எனக்கு யோசினை கூடிப்போச்சு" என்பார். யோசினை என்பது கவலை மட்டும் இல்லை. கடன், மகளின் கலியாணம், காணி விடுபடாதது எல்லாம் அதுக்குள்ள சுத்திக்கொண்டிருக்கும். நாங்கள் கோவையில் ஆங்கிலத்தில் மனச்சோர்வு என்று இரண்டு சொல் எழுதுவோம். அதை வாசிக்கிறவருக்கு ஐயாவின் காணி தெரியாது. ஆகவே மேற்பார்வை தமிழில் நடக்கவேண்டும் என்பது மொழிப்பற்றால் சொல்கிற கதை இல்லை. கேட்டதைக் கேட்டபடியே சொல்லமுடியாவிட்டால் பிழை எங்கே விட்டோம் என்று ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது.

அப்படியென்றால் என்ன கேட்கிறோம்? பெரிதாக ஒன்றுமில்லை. நியமனக் கடிதத்தில் மேற்பார்வையாளரின் பெயர் இருக்கட்டும். கிழமையில் எந்த நாள், எத்தனை மணி என்று இருக்கட்டும். அந்த நேரத்தில் கிளினிக் நிரம்பி வழிந்தாலும் எங்களைப் போர்ம் நிரப்பக் கூப்பிடக்கூடாது. மாவட்டத்தில் தமிழ் தெரிந்த மருத்துவ உளவியலாளர் இல்லாவிட்டால் வேறு மாவட்டத்தில் இருக்கிற ஒருவர் சூமில் நாலைந்து பேரைச் சேர்த்துப் பார்க்கலாம், பெயர் விபரம் சொல்லாமல் கதைக்கிற ஒழுங்கோடு. பிரதேச செயலகங்களில் இருக்கிற உளவளத்துணை உத்தியோகத்தர்களையும் அதில் சேர்க்கலாம். அவர்களும் எங்களைப் போலத்தான், கேட்டதை எல்லாம் தலைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறார்கள்.

எங்களில் ஒருவர் அந்த வேலையை விட்டுவிட்டார். இப்போது வங்கியில் இருக்கிறார். காரணம் கேட்டால் சம்பளம் என்பார். எங்களுக்குத் தெரியும், அவர்தான் அந்த அம்மாவோடு இருந்தவர்.

மிச்ச இரண்டு பேரும் ஞாயிறு பின்னேரங்களில் போனில் கதைக்கிறோம். அந்தக் கிழமை எங்கே தடுமாறினோம் என்று ஒருவருக்கொருவர் சொல்கிறோம். ஒரே அளவு தெரியாத இரண்டு பேர் கதைப்பது மேற்பார்வை ஆகாது என்று தெரிந்துதான் கதைக்கிறோம். போன மாதம் ஒரு புது நியமனக் கடிதம் வந்தது. அதே வரி. இந்தத் தரம் கையெழுத்து வைக்க முதல், "கிழமையில எந்த நாள் சேர்?" என்று கேட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.