சுழியோடியின் முதுகில் கட்டியிருப்பது என்ன?

என் தமக்கையின் மகன் கனடாவிலிருந்து பங்குனி மாதம் வந்திருந்தான். உறவினரைப் பார்ப்பதற்கென்று சொல்லிக்கொண்டாலும் உண்மையில் அவன் வந்தது மட்டக்களப்புக்கு அப்பால் ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கும் எச்.எம்.எஸ். ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலைப் பார்ப்பதற்கு. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானியக் கப்பல் அது. அதனோடு 307 பேர் மாண்டனர். அவனும் அவனுடைய நண்பன் ஒருவனும் என் வீட்டு விறாந்தையில் பொதிகளை அவிழ்த்துப் பரப்பிவிட்டு, இரண்டு இரவுகள் ஒரே விடயத்தைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள். எந்த ஹார்னஸ் சிறந்தது என்பதே அந்த விடயம்.

எனக்கு நீந்தத் தெரியும், சுழியோடத் தெரியாது. ஆயினும் முப்பது வருடப் பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்பித்த ஒன்றுண்டு. இரண்டு பேர் ஒரு பொருளைப் பற்றிக் கடுமையாக வாதிடும்போது, அந்தப் பொருள் முதலில் யாருக்காக, எதற்காகச் செய்யப்பட்டது என்று கேட்டுப் பார்த்தால் வாதத்தின் பாதி தானாகவே கரைந்துவிடும். கேட்டேன். கிடைத்த பதில்கள் என்னை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தின. அந்த இடத்தைப் பற்றி எழுதவே இதைத் தொடங்கினேன்.

சைட்மவுண்ட் என்பது காற்றுச் சிலிண்டரை முதுகில் சுமக்காமல், இரண்டு சிலிண்டர்களை இரு விலாப்பக்கங்களிலும் உடலோடு ஒட்டி மாட்டிக்கொள்ளும் முறை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி ரெகியுலேற்றர், தனித்தனி அமுக்கமானி. ஒன்று பழுதானால் மற்றையது இருக்கும். தோளிலும் இடுப்பிலும் வரும் வார்ப்பட்டிகளைத்தான் ஹார்னஸ் என்கிறார்கள். முதுகோடு ஒட்டிக் கிடக்கும் காற்றுப்பைக்கு விங் என்று பெயர். ஆழத்தில் தாழாமலும் மேலே கிளம்பாமலும் மனிதனை நிறுத்தி வைப்பது இந்தப் பைதான்.

இதைக் கண்டுபிடித்தது எந்தக் கம்பனியும் அன்று. 1960களில் இங்கிலாந்தின் குகைகளுக்குள் நுழைந்தவர்கள், முதுகில் சிலிண்டருடன் போகமுடியாத இடுக்குகளில் அதை இடுப்புப் பட்டியில் பக்கவாட்டாகக் கட்டினார்கள். அங்கே நீர் குளிர்ந்தது, கலங்கியது. நீந்தும் தூரம் குறைவு, தவழும் தூரம் அதிகம். ஆகவே பலர் மிதவைப் பையே இல்லாமல் சமாளித்தார்கள். பின்னர் புளோரிடாவின் ஊற்றுக் குகைக்காரர் இதை எடுத்துக்கொண்டார்கள். அங்கே நீரோட்டம் பலமானது, குகை ஆழமானது, சிலிண்டர்கள் பாரமான உருக்கு. அவற்றைத் தாங்கப் பெரிய விங்கும், சிலிண்டரின் அடிப்பகுதியைக் கொளுவ இடுப்பின் பின்னால் அகன்ற தகடும் தேவைப்பட்டன. 1990களின் நடுப்பகுதியில் டைவ் ரைட் நிறுவனம் சந்தைக்கு விட்ட முதலாவது தொகுதியும் பிறகு வந்த நோமட்டும் இந்த மரபைச் சேர்ந்தவை. மெக்சிக்கோவின் யுகற்றான் குகைகளிலோ நீர் வெதுவெதுப்பானது, ஓட்டம் குறைவு, சிலிண்டர்கள் அலுமினியம். அங்கே பிறந்த ரேசர் ஒற்றை வார்ப்பட்டியும் சிறு பையுமாக மெலிந்துவிட்டது. போலந்துக்காரரின் ஸ்டெல்த்தும் மெலிந்த வகைதான்.

ஆக, மருமகனின் சண்டைக்கு விடை எளிது. உருக்குச் சிலிண்டர் நிறைந்தாலும் வெறுமையானாலும் பெரும்பாலும் தாழும். அதற்குப் பெரிய பை வேண்டும். வழக்கமான 11 லீற்றர் அலுமினியச் சிலிண்டர் நிறைந்திருக்கையில் சற்றே தாழ்ந்து, காற்றுத் தீர்ந்தபின் ஏறத்தாழ 2 கிலோ மிதக்கும். அப்போது அதன் வால் மேலே கிளம்புவதால் கொளுக்கியை முன்னால் உள்ள வளையத்துக்கு மாற்றவேண்டும். அதற்குப் பின் தகடு தடை. எந்த நீர், எந்தச் சிலிண்டர் என்று சொல்லாமல் எது சிறந்தது என்று கேட்பவன், எந்த நிலம் என்று சொல்லாமல் எந்த ஏர் சிறந்தது என்று கேட்பவனுக்கு ஒப்பானவன்.

இந்த வரலாற்றில் என்னைக் கவர்ந்தது வேறு. புளோரிடாக்காரர் சிலிண்டரின் கழுத்தை விலாவோடு இழுத்துப் பிடிக்க முதலில் பாவித்தது சைக்கிள் ரியூப். மெக்சிக்கோ மரபில் பலர் தொடக்கத்தில் விங்காகப் பாவித்தது மலையேறிகள் தண்ணீர் காவும் பை. இன்று நூற்றுக்கணக்கான டொலருக்கு விற்கப்படும் பொருள்களின் மூதாதையர் இவை. அந்த மனிதர்கள் தம் உயிருக்குத் தேவையானதைத் தாமே வெட்டித் தைத்துக்கொண்டார்கள். கடைக்காரன் பிறகுதான் வந்தான்.

மூன்றாம் நாள் இருவரையும் மன்னார்ப் பக்கம் அழைத்துச் சென்றேன். நான் முன்னர் செய்தி சேகரிக்கப் போய்வந்த ஒரு கரை அது. சங்கு குளிப்பவர்களும் அட்டை பிடிப்பவர்களும் சிலிண்டர்களைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மருமகன் ஒரு தம்பியின் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தான். அடியில் துரு. பிளாஸ்ரிக் தகடொன்றில் நைலோன் பட்டி. தோளில் அறுந்த இடத்தில் படகுக் கயிறு. ஒரே ரெகியுலேற்றர். மிதவைப் பை இல்லை, அமுக்கமானி இல்லை.

"காத்து முடியப்போகுதெண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டான்.

"மூச்சு இறுகும் அண்ணை. இறுகினா மேலை வருவம்."

திரும்பி வரும் வழியில் அவன் பேசவில்லை. வெகு நேரம் கழித்து, "மாமா, நாங்கள் வருசத்திலை இருபது தரம் இறங்கிறதுக்கு இவ்வளவும் கொண்டு திரியிறம். அவங்கள் ஒவ்வொரு நாளும் இறங்கிறாங்கள்" என்றான்.

இதைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் நம்மவர்கள் உடனே எடுத்து வீசும் பதில்கள் சிலவற்றை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். முதலாவது, மன்னாரின் பெருமை. ஈராயிரம் ஆண்டுகளாக முத்துக் குளித்த கடல் இது, நம் ஆட்களுக்கு வெள்ளைக்காரனின் கருவிகள் எதற்கு என்பார்கள். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கொழும்பிலோ ரொறொன்ரோவிலோ இருப்பவர்கள் என்பது ஒரு புறம் இருக்கட்டும். முத்துக் குளித்தவன் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு தன் நெஞ்சிலிருந்த ஒரு மூச்சோடு இறங்கி ஏறினான். இன்றைய சுழியோடி அமுக்கிய காற்றை ஆழத்தில் அரை மணித்தியாலத்துக்கு மேல் சுவாசிக்கிறான். 20 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பைப் போல் மூன்று மடங்கு. காற்றும் மூன்று மடங்கு வேகத்தில் தீரும். நைதரசனும் அந்த அளவில் உடலில் கரைந்து சேரும். விரைந்து மேலே வந்தால் அது மூட்டுகளிலும் முள்ளந்தண்டிலும் குமிழியாகிறது. இரண்டும் வெவ்வேறு தொழில்கள். முன்னோரின் மூச்சு இவனுடைய முள்ளந்தண்டைக் காப்பாற்றாது.

இரண்டாவது, பழக்கம். பழகியவனுக்கு மிதவைப் பை வேண்டாம் என்பது. இதைக் கேட்டபோது நானும் ஒரு காலத்தில் தலையாட்டியவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். பொழுதுபோக்குக்கு இறங்குபவனின் பாரம், காற்றுத் தீரத் தீரக் குறைந்துகொண்டு வரும். சங்கு குளிப்பவனின் பாரம், பை நிறைய நிறையக் கூடிக்கொண்டு வரும். மிதப்பைச் சரிசெய்யும் தேவை எல்லோரிலும் அதிகமாக உள்ளவன் அவன்தான். அந்தப் பாரத்தை அவன் காலால் உதைத்துத் தூக்குகிறான். உதைக்க உதைக்க மூச்சு வாங்கும். மூச்சு வாங்கக் காற்று விரைவில் தீரும். காற்று இறுகியபின் மேலே விரைவதைத் தவிர வேறு வழியில்லை. மேற்பரப்புக்கு வருமுன் 5 மீற்றரில் சில நிமிடங்கள் நின்று வரவேண்டும் என்பது சுழியோடல் பயிற்சியின் அரிச்சுவடி. காற்றே இல்லாதவன் எங்கே நிற்பது? நிற்பதற்குப் பையும் இல்லையே.

பையும் மானியும் இருந்தால் நோயே வராது என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை சிலிண்டர், எவ்வளவு ஆழம், இடையில் எவ்வளவு ஓய்வு என்பவைதான் பெரிய கேள்விகள். கரையோரத்து அட்டை குறையக் குறைய ஆழம் கூடுகிறது என்று அந்தக் கரையிலேயே சொன்னார்கள். ஆனால் தன் சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறதென்றே தெரியாதவனிடம் ஆழத்தையும் நேரத்தையும் பற்றிப் பாடம் நடத்துவதில் என்ன பயன்?

மூன்றாவது பதில்தான் உண்மையானது. அது பணம். பெயர் சொல்ல விரும்பாத ஒரு சம்மாட்டி, தேநீர் வாங்கித் தந்துவிட்டு, ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: "மீற்றர் பூட்டினா அதைப் பாத்துக்கொண்டு காத்து மிச்சம் இருக்கேக்கையே மேலை வந்திடுவாங்கள், ஐயா. நான் சிலிண்டருக்கு முழுக் காசு குடுக்கிறன்." மிச்சமிருக்கும் அந்தக் காற்றுத்தான் ஒருவனைப் பாதுகாப்பாகக் கரை சேர்ப்பது என்பதை அவர் அறியாதவரல்லர். அவருடைய பதிவேட்டில் அது வீண்செலவு.

படகும் எரிபொருளும் சிலிண்டரும் சம்மாட்டியுடையவை அல்லது முற்பணம் கொடுத்த வியாபாரியுடையவை. அட்டை உலர்ந்து கிழக்காசியச் சந்தைக்குப் போகிறது. உடல் மட்டுமே சுழியோடியுடையது. விழுந்துபோன காலும் அவனுடையதே. கரையோரத்தில் ஒரு வீட்டின் முன்னால் சக்கர நாற்காலியில் இருந்த ஒருவரைக் கண்டேன். வயது நாற்பதுக்குள். யாரிடமிருந்தும் ஒரு சதம் கிடைக்கவில்லை என்றார். தன் பிழைதான் என்றும் சொன்னார். அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

அவருடைய பிழை அன்று என்று வேறோர் இடத்தில் எழுத்தில் வந்திருக்கிறது. ஹொண்டுராஸ் நாட்டின் மிஸ்கிற்றோ பழங்குடிச் சுழியோடிகள் ஏற்றுமதிக்காகச் சிங்க இறால் பிடிப்பவர்கள். பழுதான கருவிகளோடு, போதிய பயிற்சியின்றி, ஒரு நாளில் பல சிலிண்டர்கள் முடியும்வரை ஆழத்தில் உழைத்து ஏராளமானோர் முடமானார்கள். அவர்களில் 42 பேரின் வழக்கில், அமெரிக்க நாடுகளிடையிலான மனித உரிமைகள் நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 31 ஆம் திகதி தீர்ப்பளித்தது. தொழிலைச் செய்வித்த கம்பனிகளைக் கண்காணிக்கத் தவறிய பொறுப்பை ஹொண்டுராஸ் அரசு அந்த வழக்கில் ஏற்றுக்கொண்டது. நம் நாடு அந்த நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டதன்று. ஆனால் வாதம் கடல் கடக்கக்கூடியது.

இங்கே சுழியோடிச் சங்கும் அட்டையும் எடுப்பது உரிமம் பெற்றுச் செய்யும் தொழில். உரிமத்தில் படகைக் கேட்கிறார்கள், ஆளைக் கேட்கிறார்கள். முதுகில் கட்டியிருப்பதையும் கேட்கட்டும் என்பதுதான் என் கோரிக்கை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் அமுக்கமானி, மிதவைப் பை, இரண்டாவது வாய்க்குழாய், நிரப்பும் இடத்தில் துருப் பரிசோதனை. வாங்கிக் கொடுக்கவேண்டியவர் படகையும் சிலிண்டரையும் கொடுப்பவரே. சுழியோடியின் தலையில் அந்தக் கடனையும் கட்டக்கூடாது. 2022 க்குப் பிறகு டொலர் விலையைக் காட்டி இது நடவாது என்பவர்களுக்கு, சைக்கிள் ரியூபையும் தண்ணீர்ப் பையையும் மறுபடி நினைவூட்டுகிறேன். பையையும் பட்டியையும் நம் பட்டறைகளில் தைக்கலாம். யாழ்ப்பாணத்தில் பாய் தைப்பவர் இருக்கிறார், இறப்பர் ஒட்டுபவர் இருக்கிறார். தைத்ததைப் பரிசோதித்துச் சான்று வழங்க ஒரு பொறியியற்பீடம் முன்வந்தால் போதும். மானியும் ரெகியுலேற்றரும்தான் இறக்குமதி செய்யவேண்டியவை.

இரண்டு சிலிண்டரும் விலாவில் மாட்டும் சைட்மவுண்டே மன்னாருக்கு ஏற்றது என்று மருமகனின் நண்பன் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அது சரியாகப் படவில்லை. இரட்டைச் சிலிண்டர் என்றால் இரட்டை நேரம். சம்மாட்டியின் கையில் அது இரட்டை நைதரசனாக முடியும். அந்தக் கரைக்கு வேண்டியது முதுகில் ஒரு சிலிண்டர், நல்ல பட்டி, ஒரு பை, ஒரு மானி. புறப்படும்போது மருமகன் தன் மேலதிக மானியொன்றை அந்தத் தம்பிக்கு அனுப்பச் சொல்லித் தந்துவிட்டுப் போனான். அனுப்பினேன். அடுத்த வாரம் தொலைபேசியில் விசாரித்தபோது, சம்மாட்டி அதைக் கழற்றி வைத்திருப்பதாகச் சொன்னான்.