தனியாளுக்குக் கதவடைக்கும் சேதுக்கரை

விடியற்காலை ஐந்தேகால் மணி. ராமேஸ்வரத்தில் ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில், லாட்ஜ் ஒன்றின் வரவேற்பு மேசை. எனக்கு முன்னால் எழுபதைத் தொட்ட பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். கையில் மஞ்சள் பை. பைக்குள் சிவப்புத் துணியால் வாய்கட்டிய சிறு செம்பு. மனைவியின் அஸ்தி.

"எத்தனை பேருங்கய்யா?"

"நான் ஒருத்தன்தான் தம்பி."

"சிங்கிளுக்கு ரூம் குடுக்கிறதில்லைங்கய்யா. ஓனர் திட்டுவாரு."

பெரியவர் ஆதார் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். பையன் அதைத் தொடவில்லை. எனக்கும் அதே பதில்தான். எனக்கு அது மூன்றாவது லாட்ஜ், அவருக்கு ஐந்தாவது. வெளியே வந்ததும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அடுத்த லாட்ஜில், "நாங்க ரெண்டு பேர்" என்றோம். சாவி உடனே வந்தது. ஆதாரில் இருந்த ஊர்கள் வேறு வேறு. அதை யாரும் கேட்கவில்லை. அரை மணிக்கு முன்புவரை அவர் யாரோ, நான் யாரோ. தனித்தனியாக நின்றபோது ஆபத்தாகத் தெரிந்த நாங்கள், சேர்ந்து நின்றதும் நம்பத் தகுந்தவர்கள் ஆகிவிட்டோம்.

இந்தக் கரைக்கு அரசு என்னென்ன செய்கிறது என்று ஒவ்வொரு மேடையிலும் சொல்கிறார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. செலவு 550 கோடி ரூபாய்க்கு மேல். அதற்கு முந்தைய மாதம் தமிழக பட்ஜெட்டில் ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் அறிவிக்கப்பட்டது. அதற்கு எந்த இடம் என்ற பேச்சும் எழுந்தது. பாலத்தைக் குறை சொல்ல மாட்டேன். 1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்ற பிறகு, மண்டபத்தில் இறங்கி மூட்டை முடிச்சோடு பஸ் ஏறியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். விமான நிலையம் வந்தால் சுற்றுலா பெருகும் என்பவர்களிடம் எனக்கு ஒரே கேள்வி: விமானத்தில் வருகிறவருக்கு எந்த விடுதி கதவடைத்தது?

என் நோட்டில் இருந்த இரண்டு நாள் கணக்கைச் சொல்கிறேன். மதுரையிலிருந்து பாசஞ்சர் ரயிலுக்கு ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினால் சில்லறை திரும்பும். இருபத்திரண்டு தீர்த்தம் ஆட 25 ரூபாய். தனுஷ்கோடிக்குப் பஸ், பேக்கரும்பில் கலாம் நினைவிடம், இட்லி, சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்தாலும் ஐந்நூறைத் தாண்டவில்லை. தங்கும் அறைக்கு மட்டும் ஆயிரத்து இருநூறு. பாதிப் பங்குதான் என் தலையில் விழுந்தது. அதுவும் அந்தப் பெரியவர் தயவில். தனியாக எடுத்திருந்தால், மற்ற எல்லாச் செலவையும் கூட்டிய தொகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஒரு கட்டிலுக்கே போயிருக்கும். இதைவிட மலிவான அறையையும் வரி விட்டுவைக்கவில்லை. 2022 ஜூலை 18க்கு முன்பு ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு ஜிஎஸ்டி கிடையாது. அன்றிலிருந்து 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22இல் 5 ஆகக் குறைத்து, சலுகை என்றார்கள். சுழியம் ஐந்தானது எப்படிச் சலுகையாகும்?

மதுரையிலிருந்து அந்த ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டே வாருங்கள். பரமக்குடி தாண்டினால் சத்திரக்குடி. கடல் தெரியும் இடத்தில் மண்டபம். தீவுக்குள் அக்காள்மடம், தங்கச்சிமடம். சேதுபதி வம்சத்துச் சகோதரிகள் இருவர் பெயரால் யாத்ரீகர்களுக்கு எழுந்த மடங்கள் அவை என்பது வழிவழிச் செய்தி. தனுஷ்கோடிச் சாலையில் முகுந்தராயர் சத்திரம். அதற்கு அப்பால் அரிச்சல்முனை, பிறகு கடல்தான். நடந்து வந்தவன் ராத்தங்க எழுப்பிய கட்டடங்களே இந்தக் கரையில் ஊர்களாகப் பெயர் பெற்றிருக்கின்றன. இந்த மண்ணில்தான், "நீ ஒற்றை ஆள், போ" என்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூரில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி கால் ஊன்றியபோது, சத்திரங்களின் மானியத்தைக் குறைத்துவிடாதீர்கள் என்று இரண்டாம் சரபோஜி மன்னர் 1801இல் ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். ராமேஸ்வரம் போகும் வழியில் இருந்த சத்திரங்களைப் பற்றிய கடிதம் அது. என்னென்ன செய்கிறோம் என்று மன்னர் வரிசையாகச் சொல்கிறார். வருகிற யாத்ரீகர், ஜோகி, பைராகி போன்ற துறவிகள் எல்லோருக்கும் சோறு. வழியில் நோயில் விழுந்தவருக்கு வைத்தியம், குணமாகும்வரை பத்தியச் சாப்பாடு. இறந்துபோனால் அவரவர் வழக்கப்படி இறுதிக் காரியம். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாரேனும் உண்டா என்று கூப்பிட்டு அன்னமிடுவது. ஜோகியும் பைராகியும் குடும்பத்தோடு வந்தவர்களா? கையில் காசு வைத்திருந்தவர்களா? சாதி பார்த்துப் பந்தி பிரித்த குற்றம் சத்திரங்களுக்கு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தலையை எண்ணிக் கதவடைத்த குற்றம் அவற்றுக்கு இல்லை. வழியில் ஒருவர் இறந்துபோகக்கூடும் என்று தெரிந்துதான் சத்திரம் திறந்திருந்தது.

அந்தச் சாவின் அச்சத்தைக் காட்டித்தான் இன்று லாட்ஜ் மூடுகிறது. அறைக்குள் யாராவது உயிரை மாய்த்துக்கொண்டால் போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் அலைவது யார் என்று கேட்கிறார்கள். இது அறையை நாலு பேருக்கு வாடகைக்கு விடத் துடிப்பவர்கள் சொல்லும் சாக்கு. ராமேஸ்வரம் துக்கத்தோடு வருகிற ஊர். பெற்றோருக்குத் திதி கொடுக்க, பெண்டாட்டியின் அஸ்தியை அக்னி தீர்த்தத்தில் கரைக்க, பிள்ளையைப் பறிகொடுத்த பாரத்தை இறக்கிவைக்க வருகிறார்கள். துணையை இழந்தவரிடம் துணையோடு வா என்றால் அவர் எங்கே போவார்? விடியாத நேரத்தில் ஐந்து வாசலில் விரட்டப்பட்டு நடுத்தெருவில் நிற்பவரின் உயிரை இந்த விதி காப்பாற்றியதாக எந்த மனசாட்சியோடு சொல்வது? தனியாக வருகிற பெண்ணுக்கோ இதே கேள்வியோடு சந்தேகப் பார்வையும் சேர்ந்து கிடைக்கிறது.

அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் பார்த்து விடுதியில் ஒருவரைத் தடுக்கக் கூடாது என்கிறது. 'தனியாள்' என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. விடுதிக்காரர்களின் துணிச்சல் அந்த ஒரு சொல்லின் இடைவெளியில்தான் நிற்கிறது. சொல் இல்லாவிட்டாலும் நடப்பது அதே ஒதுக்கல்தான். அதை அந்தப் பெயரிட்டே அழைக்க வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. திருமலையில் யாத்ரீகர் வசதி வளாகங்களில் ஒற்றை ஆளுக்கும் லாக்கரும் படுக்க இடமும் இலவசம். ரயில்வே ஓய்வறைகளின் பொதுக்கூடங்களில் பயணச்சீட்டைக் காட்டி ஒரு கட்டில் மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ராமேஸ்வரத்தில் ஆதார் காட்டுகிற தனியாளை மறுக்கும் விடுதிக்கு உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது. மாவட்ட நிர்வாகம் நினைத்தால் இதை உடனே தொடங்கலாம். கோயிலைச் சுற்றி நூறு ஒற்றைக் கட்டில்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கூடமாக, ஓர் இரவுக்கு இருநூறு ரூபாய்க்குள், அறநிலையத்துறை அமைக்கட்டும். விமான நிலையத்துக்கு நிலம் அளக்கப் போகும் முன்பு, அடுத்த மானியக் கோரிக்கையிலேயே அமைச்சர் இதை அறிவிக்க வேண்டும்.