புள்ளி போட்டது யார்?

வறுமையைப் பற்றி நாம் எழுதாத கதையில்லை. ஆனால், யார் ஏழை என்று தீர்மானிக்கும் வேலை மனிதர் கையைவிட்டு நழுவுவதைப் பற்றி எமது பேனாக்கள் அதிகம் பேசவில்லை.

2023 யூலையில் அஸ்வெசும ஆரம்பமானது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப விபரம் எனும் ஆறு பிரிவுகளில் 22 சுட்டிகள். கணக்கெடுக்க வந்தவர் விடைகளைப் பதிந்து சென்றார். புள்ளியைச் சூத்திரம் போட்டது. மாதம் 15,000 ரூபாவா, 2,500 ரூபாவா, ஒன்றுமே இல்லையா என்பதை அந்தப் புள்ளி சொன்னது. முதற்பட்டியல் வந்ததும் 9 இலட்சத்துக்கும் அதிகமான மேன்முறையீடுகள் குவிந்தன. அத்தனையும் நியாயமானவை என்று நான் வாதாடவில்லை. ஆனால், இத்தனை பேரை ஒரேயடியாகப் படியேற வைத்த முறையை நியாயமென்றும் சொல்லமாட்டேன்.

மின்சாரப் பாவனையும் ஒரு சுட்டி. மொனராகலைத் தோட்ட லயமொன்றில் ஒரே மீற்றரில் இரண்டு குடும்பங்கள் இருந்தால், பில்லில் ஏறும் அலகு யாருடையது? சூத்திரம் அதைக் கேட்காது. அந்த லயத்துக்குப் போய்வரும் மனிதர் கேட்பார்.

"சமுர்த்திப் பட்டியலை மனிதர்தானே போட்டார்கள்? கட்சிக்காரனுக்குப் போகவில்லையா? கணினிக்குக் கட்சி கிடையாதே" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எந்தச் சுட்டிக்கு எவ்வளவு புள்ளி என்று முடிவு செய்தவர்களும் மனிதர்களே. அவர்கள் எம் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். ஓரவஞ்சனை செய்த உத்தியோகத்தர் மீது பெயர் சொல்லி முறையிடலாம். சூத்திரத்தை எந்த வாசலில் போய்க் கூப்பிடுவது?

நான் ஆசிரியன், பரீட்சை உதாரணமே எனக்கு வரும். 2020 ஓகஸ்டில் இங்கிலாந்தில் உயர்தர மாணவருக்குச் சூத்திரம் தரம் வழங்கியது. ஆசிரியர்கள் மதிப்பிட்ட தரங்களில் ஐந்தில் இரண்டு பங்களவு கீழிறங்கின. பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். சில நாட்களிலேயே அரசாங்கம் பின்வாங்கி, ஆசிரியரின் மதிப்பீட்டை ஏற்றது.

கணினி கணக்கிடட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு குடும்பத்தை நிராகரிக்குமுன் ஒருவர் அந்த வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும். புள்ளியைத் திருத்தும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். வெறும் இறப்பர் முத்திரை போதாது. காரணத்தைத் தமிழில் எழுதி, தன் பெயரைப் போட்டுக் கையொப்பமும் இட வேண்டும். ஏழையின் கண்ணீரை எழுதும் நாம், அந்தக் கையொப்பத்தைக் கேட்டும் எழுதுவோம்.