தெரிதலும் ஆளுதலும்

"நல்ல கம்ப்யூட்டர் பையன் ஒருவன் இருந்தால் சொல்லுங்கள்" என்று நம்மிடம் கேட்காத வணிகப் பெருமக்கள் இந்நாளில் அரியர். திருமண வீட்டுப் பந்தியிலும், கல்லூரி விழா முடிந்து தேநீர் அருந்தும் வேளையிலும், நாம் தமிழ்த்துறையைச் சார்ந்தவர் என்று அறிந்திருந்தும் இவ்வேண்டுகோளை விடுக்கின்றனர். கேட்பவர் தோல் வணிகத்திலோ, ஜவுளியிலோ, வளைகுடா நாடுகளுக்கான ஏற்றுமதியிலோ இரண்டு தலைமுறை கண்டவராக இருப்பார். அவர்தம் மைந்தர் கைப்பேசிச் செயலி ஒன்றை அடிப்படையாகக் கொண்டு புத்தொழில் நிறுவனம் தொடங்க விழைகிறார். முதல் இருக்கிறது, சந்தையும் தெரிகிறது, செய்து தருவதற்குத்தான் ஆள் வேண்டும்.

அவ்வேண்டுகோளில் வரும் 'பையன்' என்னும் சொல்லே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று. அச்சொல்லில் அன்பு இல்லாமல் இல்லை. எனினும், கடைக்கு ஆள் வைப்பது போன்றே இதற்கும் ஓர் ஆளை வைத்துவிடலாம் என்னும் எண்ணம் அதனுள் ஒளிந்திருக்கிறது. கடையில் ஓர் ஆள் நின்றுவிட்டால் மறுநாள் வேறோர் ஆள் நிற்பார். சரக்கின் தரத்தை உரிமையாளரே தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார். புதிதாகத் தொடங்கும் மென்பொருள் நிறுவனத்திலோ, சரக்கு முழுவதும் அதனைச் செய்பவரின் அறிவுக்குள் இருக்கிறது. முதல் போட்டவரால் அதனைத் தொட்டுப் பார்க்க இயலாது. செய்பவர் விலகினால் சரக்கும் பாதி விலகிவிடும். ஆதலின், அத்தகைய நிறுவனத்தின் முதல் இரண்டு மூன்று தொழில்நுட்ப வல்லுநர்களைக் கூலிக்கு அமர்த்துதல் பயன்தராது, கூட்டாளிகளாக ஏற்றல் வேண்டும் என்பதே நாம் வற்புறுத்த விழையும் கருத்தாகும்.

திருக்குறளின் அதிகார வைப்பு இங்கு எண்ணத்தக்கது. 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். 52ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். ஆளைத் தேர்ந்தெடுப்பது ஒன்று, தேர்ந்தெடுத்தவரை வினையில் ஈடுபடுத்தி ஆள்வது மற்றொன்று என வள்ளுவர் இரண்டையும் வேறு வேறாகப் பிரித்து வைத்துள்ளார். சுற்றம் தழால் இவ்விரண்டிற்கும் பின்னர், 53ஆம் அதிகாரமாகவே வருகிறது. நம்மவரோ பெரும்பாலும் 53இலிருந்து தொடங்குகின்றனர். நிறுவனம் பிறந்த அன்றே மைத்துனர் மேலாளராகவும், சிறிய தந்தையின் மகன் மேற்பார்வையாளராகவும் அமர்ந்துவிடுகின்றனர்!

தெரிதலில் வென்று ஆளுதலில் தோற்றவர்க்கு, இந்நூற்றாண்டின் கணிப்பொறித் தொழிலுக்கு வித்திட்ட ஒருவரையே சான்றாகக் காட்டலாம். டிரான்சிஸ்டரைக் கண்டறிந்தமைக்காக 1956ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் ஒருவர் வில்லியம் ஷாக்லி. அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மவுண்டன் வியூ நகரில், பெக்மன் நிறுவனத்தின் பொருளுதவியோடு அவர் தமக்கென ஓர் ஆய்வகம் தொடங்கினார். ஆளைத் தெரிவதில் அவர்க்கு இணை அவரே. முப்பது வயதை ஒட்டிய இளம் அறிஞர்களை நாடெங்கும் தேடிப் பிடித்து ஒரு கூரையின் கீழ்ச் சேர்த்தார். ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் ஆகியோர் அவர்களுள் இருந்தனர். அதுபோன்றதோர் அணி அந்நாளில் வேறெங்கும் அமைந்ததில்லை எனலாம்.

அவ்வணியை அவர் ஆண்ட முறையோ வேறு. தாம் சேர்த்தவர்களையே அவர் ஐயுற்றார். ஆய்வகத்தில் செயலாளர் ஒருவரின் விரலில் ஊசிமுனை போன்ற பொருள் குத்திவிட, அதனைச் சதி எனக் கருதிப் பணியாளர்களைப் பொய் கண்டறியும் சோதனைக்கு உட்படுமாறு வற்புறுத்தினார். இளையவர் கண்டு சொன்ன முடிவைத் தம் பழைய நண்பர்களிடம் கேட்டுச் சரிபார்ப்பதும் அவர் வழக்கமாக இருந்தது. சிலிக்கான் டிரான்சிஸ்டரைச் செய்வோம் என்று வந்தவர்களை, நான்கு அடுக்கு டையோடு என்னும் தம் விருப்பப் பொருளின் பக்கம் திருப்பினார். 1957ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் எண்மர் ஒருங்கே விலகிச் சென்று ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் நிறுவனத்தைத் தொடங்கினர். ஷாக்லியின் ஆய்வகம் அதன்பின் தலைநிமிரவே இல்லை.

கதை அத்துடன் முடிந்திருந்தால் தலைவரின் குணக்கேடு என்று ஒதுக்கிவிடலாம். அடுத்து நிகழ்ந்ததே நமக்குக் கூடுதல் பாடம் தருவது. எண்மரும் ஆளுக்கு 500 டாலர் இட்டுப் பங்கு பெற்றனர். முதலீடு செய்த ஃபேர்சைல்டு கேமரா நிறுவனம், அப்பங்குகள் அனைத்தையும் 30 இலட்சம் டாலருக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்தில் வைத்திருந்தது. ஈராண்டு கழித்து அவ்வுரிமையைப் பயன்படுத்தி வாங்கியும் விட்டது. எண்மர் கையில் பணம் வந்தது, உரிமை போயிற்று. அன்று முதல் நிறுவனத்தின் முடிவுகள் பல கல் தொலைவில், கிழக்குக் கரையில் இருந்தோரால் எடுக்கப்பட்டன. ஆற்றல்மிக்கவர் ஒருவர் பின் ஒருவராக வெளியேறி வேறு நிறுவனங்கள் தொடங்கினர். 1968இல் நாய்சும் மூரும் வெளியேறித் தொடங்கியதே இன்டெல். முதற் போக்கிற்குக் காரணம் ஐயுறவு. அடுத்த போக்கிற்கு உரிமையின்மை. சம்பளக் குறைவு இரண்டிலும் முதற்காரணமாக இருந்ததில்லை என்பதைப் பெரியவர்கள் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

இனி ஆளைத் தெரியும் முறையை நோக்குவோம். மதிப்பெண் பட்டியலையும் கல்லூரியின் பெயரையும் கண்டு ஆளெடுத்தல் பெருநிறுவனங்களுக்கு ஒத்துவரும். ஆயிரக்கணக்கானோரைச் சலித்தெடுக்க அவர்க்கு ஒரு சல்லடை வேண்டும். மூவரைத் தேடுபவர்க்குச் சல்லடை எதற்கு? 1996இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கிப் பின்னர் சோஹோ எனப் பெயர் பூண்ட நிறுவனம் இவ்வகையில் துணிந்து நடந்தது. கல்லூரி வாயிலைக் காணாத, பள்ளிப் படிப்பு முடித்த ஆறு மாணவர்களைக் கொண்டு 2005ஆம் ஆண்டு தனக்கெனப் பயிற்சிப் பள்ளியொன்றை அமைத்தது. மாணவரிடம் கட்டணம் பெறாது, அவர்க்கே உதவித்தொகை கொடுத்துக் கற்பித்தது. அப்பள்ளியிலிருந்து வந்தோர் இன்று அந்நிறுவனத்துப் பொறியாளர் வரிசையில் குறிப்பிடத்தக்க பகுதியினர். 2011இல் தென்காசிப் பகுதிக்கும் அலுவலகத்தைக் கொண்டு சென்றது. பட்டம் வழங்கும் தொழிலில் இருக்கும் நாம் இதனைச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். பட்டம் ஒருவர் கற்றதற்குச் சான்று. அவர் செய்வதற்குச் சான்று அவர் செய்த பொருளே.

ஆகவே, செய்த பொருளைக் காட்டச் சொல்லுதல் வேண்டும். சிறியதாயினும் முழுமையாக முடித்த ஒன்றா என்று பார்த்தல் வேண்டும். தொடங்கி விட்டவை பத்து இருப்பதினும், முடித்து நான்கு பேர் பயன்படுத்தும் ஒன்று இருப்பது மேல். அடுத்து, இரண்டு வாரத்தில் முடியக்கூடிய உண்மையான பணியொன்றைக் கொடுத்து, அதற்குரிய ஊதியத்தையும் கொடுத்துப் பார்க்கலாம். ஊதியமின்றிச் 'சோதனைப் பணி' வாங்குதல் அறமன்று. அதனை ஏற்பவர் வேறு வழியற்றவராகவே இருப்பார். 2022ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, நிரல் எழுதிக் கொடுப்பதற்கு எந்திரமே துணையாகிவிட்டது. ஆதலால் நிரலைக் கண்டு மட்டும் ஆளை மதிப்பிடுதல் கூடாது. இந்த வழியை ஏன் தேர்ந்தீர், அந்த வழியை ஏன் விலக்கினீர் என்று கேட்டு, விடையைச் செவிமடுத்தல் வேண்டும். கணிப்பொறி அறியாத முதலீட்டாளர்க்குப் புரியும்படி நல்ல தமிழில் விளக்க இயலாதவர், சிக்கல் நேரும்பொழுதும் விளக்கமாட்டார். தமிழாசிரியரின் தன்னலம் இதில் சிறிது கலந்திருக்கலாம். எனினும் கருத்து மெய்யே. நிறுவனத்திற்கு வெளியே உள்ள வல்லுநர் ஒருவரை ஒரு நாள் அழைத்து, அருகில் அமர்த்திக்கொள்ளுதலும் நன்று.

'பையன்' என்னும் சொல் செய்யும் பிறிதொரு தீங்கையும் இங்குச் சுட்டல் கடன். கணிப்பொறி அறிவியல் வகுப்புகளில் முதல் வரிசையில் அமர்ந்து, ஆய்வகத்தில் கடைசியாக எழுந்து செல்லும் மாணவியரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். பட்டம் பெற்ற மறு ஆண்டே அவருட் பலர் வீட்டோடு நின்றுவிடுகின்றனர். ஆள் கிடைக்கவில்லை என்று வருந்தும் அதே தெருவில், அதே வீட்டு மாடியில், ஆள் இருக்கிறார். வீட்டிலிருந்தே செய்யத்தக்க தொழில் ஒன்று உண்டெனில் இதனினும் பொருத்தமானது எது? 2020ஆம் ஆண்டின் கொரோனா ஊரடங்கு அதனை உலகுக்கே மெய்ப்பித்துக் காட்டிற்று. இதற்குத் தந்தையர் மனம் வைத்தல் வேண்டும். நாம் சொல்லிச் சில வீடுகளில் நடந்துள்ளது. பல வீடுகளில் நடக்கவில்லை.

ஆளுதலுக்கு வருவோம். உரிமையில் பங்கு என்பது வாய்ச்சொல்லாக நின்றுவிடக் கூடாது. 1981இல் புனே நகரில் எழுவர் 10,000 ரூபாய் முதலில் தொடங்கிய இன்ஃபோசிஸ், 1994ஆம் ஆண்டு பணியாளர்க்கும் பங்குரிமை வழங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஓட்டுநர் நிலையில் இருந்தோர் வரை செல்வம் பெருகிற்று என்று அந்நாளில் வியந்து பேசப்பட்டது. சென்னையில் 2010இல் சிறு குழுவாகத் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றபோது, அதன் பணியாளர் 500 பேருக்கு மேல் கோடீசுவரர் ஆயினர் எனச் செய்திகள் வந்தன. சோஹோ இவ்வழியே செல்லவில்லை. வெளியார் முதலீட்டையும் அது ஏற்கவில்லை. ஆனால் இலாபம் ஈட்டித் தன்காலில் நிற்கும் நிறுவனத்துக்கு வேறு வழிகள் உண்டு. நல்ல சம்பளமும் தர இயலாத, நாளை இருக்குமா என்பதும் தெரியாத பச்சிளம் நிறுவனத்திற்குப் பங்கைத் தவிரக் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது?

கொடுத்த பங்கை எடுத்துக்கொண்டு ஆறு திங்களில் ஓடிவிட்டால் என்செய்வது என்னும் அச்சம் இயல்பே. அதற்கு உலக வழக்கில் ஒரு முறை உண்டு. பங்கு நான்காண்டுகளில் சிறிது சிறிதாகவே உரிமையாகும். முதலாண்டு முடியுமுன் விலகுவோர்க்கு ஒன்றும் இல்லை. ஓராண்டு முடிந்தால் கால் பங்கு. அதன்பின் திங்கள்தோறும் சிறு பகுதி. நம் நாட்டில் 2014ஆம் ஆண்டின் நிறுவன விதிகளும், பணியாளர் பங்குரிமைத் திட்டத்தில் வழங்கும் நாளுக்கும் உரிமையாகும் நாளுக்கும் இடையே குறைந்தது ஓராண்டு இருத்தல் வேண்டும் என்கின்றன. தொடங்கியவரே தமக்குள்ளும் இம்முறையை வைத்துக்கொண்டால், உடன்பிறந்தார் பிரிவினை வழக்குகள் பல குறையும்.

பங்கு தந்தவர்க்குப் பேச்சுரிமையும் தருதல் வேண்டும். எதனை, எந்நாளுக்குள் செய்வது என்பதை முதலீட்டாளர் பேசட்டும். எப்படிச் செய்வது என்பது வல்லுநரின் முடிவு. வேலை தாமதமாகிறது என்றவுடன் இன்னும் நால்வரைச் சேர்ப்பது வணிகரின் இயல்பான மருந்து. தோல் பதனிடும் கூடத்தில் அது பலிக்கும். மென்பொருளில் பலிக்காது என்பதை, ஐபிஎம் நிறுவனத்தின் பெரும் மென்பொருள் பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதினார். கணக்கு எளிது. மூவர் இருந்தால் ஒருவரோடொருவர் பேசும் இணைகள் மூன்று. பதின்மர் ஆனால் நாற்பத்தைந்து. புதியவர்க்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே பழையவரின் பொழுது கழியும்.

இறுதியாகச் சட்டம் பற்றி ஒருசில. பணியில் சேரும் இளைஞரின் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பெட்டியில் பூட்டிவைக்கும் பழக்கம் சிறு நிறுவனங்கள் சிலவற்றில் இருப்பதை நம் பழைய மாணவர்கள் வாயிலாகக் கேட்டுள்ளோம். மாணவச் செல்வங்கள் எவர் கேட்டாலும் அசலைக் கொடுத்தல் கூடாது, நகல் போதும். விலகிய பின் இன்ன தொழில் செய்யலாகாது என்று எழுதி வாங்குவதும் வீண். தொழில் செய்யவிடாது தடுக்கும் உடன்பாடு செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27ஆம் பிரிவில் சொல்கிறது. பயிற்சிச் செலவை ஈடுசெய்யும் நியாயமான உடன்பாடுகளை நீதிமன்றங்கள் ஏற்றதுண்டு; அது வேறு.

எழுதி வாங்க வேண்டியது வேறொன்று. அதனைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணிப்பொறி நிரலை 'இலக்கியப் படைப்பு' என்னும் வகையில் வைத்துள்ளது. தமிழ்த்துறையினர் இதனைக் கேட்டு மகிழலாம்! சம்பளத்துக்குப் பணிபுரிபவர் பணியின்போது எழுதிய நிரல், வேறு உடன்பாடு இல்லையெனில், நிறுவனத்தைச் சேரும். ஆனால் வெளியார் ஒருவர்க்குத் தொகை கொடுத்து எழுதி வாங்கிய நிரல், எழுத்து வடிவில் கையொப்பமிட்டு மாற்றித் தந்தாலன்றி, எழுதியவர்க்கே உரியது. மாற்றித் தந்த பத்திரத்திலும் கால எல்லை குறிக்காவிடின் ஐந்தாண்டு என்றும், இட எல்லை குறிக்காவிடின் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். துபாயிலும் சிங்கப்பூரிலும் விற்க எண்ணுவோர் இவ்விரு வரிகளையும் பத்திரத்தில் சேர்த்துவிட்டுப் பிறகு பணத்தைக் கொடுப்பாராக.