சுங்க வரியும் நம் வாய்மையும்

பழைய திர்ஹம் நாணயங்கள், உஸ்மானியர் காலத்து அஞ்சல் தலைகள் முதலியவற்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துச் சேகரிப்போர் நம் சமுதாயத்தில் உளர். அவ்வார்வம் பாராட்டத்தக்கதே. ஆயினும், சுங்க வரியைக் குறைக்கும் பொருட்டு, "அன்பளிப்பு என்று எழுதுங்கள், விலையைப் பாதியாகக் குறியுங்கள்" என விற்பவரிடம் கேட்டுக்கொள்ளும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை.

"சுங்கம் அநீதியான வரி, அதைத் தவிர்ப்பது பாவமன்று" என வாதிடுவோர் உண்டு. வரியைக் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். பொய் கூறி ஏமாற்றுவதற்கு அது அனுமதியாகாது. மேலும், முகமறியாத வணிகர் ஒருவரையும் அப்பொய்க்குக் கையொப்பமிடச் செய்கிறோம். மதிப்பைப் பொய்யாகக் காட்டிய பொருளைப் பறிமுதல் செய்ய 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் இடமளிக்கிறது. பொதி வழியில் தொலைந்தால் முழு விலைக்கு இழப்பீடு கேட்பதும் கடினம்.

வாங்குமுன் கணக்கிடுவதே முறை. நம் நாட்டில் பொருளின் விலையோடு அனுப்புகூலியும் காப்பீடும் சேர்த்தே சுங்கம் மதிப்பிடப்படுகிறது. 4,000 ரூபாய் பொருளுக்குக் கடல்வழி அனுப்புகூலி 1,500 ரூபாய் எனில், காப்பீடு நீங்கலாகவே கணக்கு 5,500 ரூபாயில் தொடங்கும். அதனுடன் சுங்கத்தையும் கூட்டிய தொகைமீதே ஜி.எஸ்.டி. கணக்கிடப்படும். கூரியர் நிறுவனத்தின் தரகுக் கட்டணம் தனி. அது வேலைக்குரிய கூலி. அதை முன்கூட்டியே கேட்டறிந்து, ரசீது பெற்றுச் செலுத்துவோம்.

அத்தனையும் தாங்க இயலாதெனில் வாங்காதிருப்போம். கலிமா பொறித்த நாணயம் ஒன்று பொய் எழுதிய தாளோடு நம் இல்லம் புகுவது தகுமா?

அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.