முன்வாங்கில் அமர்ந்திருக்கும் மறையாசிரியர்

எமது நாளிதழ்களின் மரண அறிவித்தல் பக்கத்தில் ஒரு தாயின் படம் வெளிவருகிறது. வயது தொண்ணூறைக் கடந்தது. படத்தின் கீழே பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் என நீளும் பெயர்கள். பெயர்களின் பக்கத்தில் கனடா, பிரான்ஸ், லண்டன், சுவிஸ் என இடங்கள். முப்பத்தோராம் நாள் நினைவுத் திருப்பலியின் முடிவில் வழங்கப்படும் நினைவு மலரில், அந்த அன்னை பக்தி நிறைந்தவர், ஞாயிறு திருப்பலியை ஒருநாளும் தவறவிடாதவர், செபமாலையைக் கையிலிருந்து இறக்காதவர் என்று எழுதப்பட்டிருக்கும். எழுதப்பட்டவை யாவும் உண்மையே. எனினும் அவர் செய்த பணியின் அளவை அச்சொற்கள் காட்டுவதில்லை. அணிகலனைப் புகழ்வதுபோல அவருடைய பக்தியைப் புகழ்ந்துவிட்டு, அந்தப் பக்தி எமது குடும்பங்களில் செய்து முடித்த வேலையை நாம் எண்ணாமலே விட்டுவிடுகிறோம். பங்கொன்றின் மறையாசிரியர் ஆற்றவேண்டிய கடமையின் பெரும்பகுதியை, நியமனமும் பட்டமும் இன்றி, அடுப்படியிலும் முற்றத்திலும் இருந்து ஆற்றியவர் அவர்.

நீண்ட ஆயுளை நாம் ஆண்டுக் கணக்கில் மட்டுமே பார்க்கிறோம். இன்று தொண்ணூறு வயதைத் தாண்டியிருக்கும் கத்தோலிக்கத் தாய் ஒருவர், 1939இல் மறைந்த பதினோராம் பத்திநாதர் முதல் 2025 மே மாதத்தில் தெரிவான பதினான்காம் லியோ வரை ஒன்பது திருத்தந்தையரின் காலத்தைக் கண்டவர். அவருடைய சிறுபராயத்தில் திருப்பலி இலத்தீன் மொழியில் நடந்தது. குருவானவர் பீடத்தை நோக்கி நின்றார். நற்கருணை வாங்க விரும்பியவர் நள்ளிரவு முதல் ஒரு மிடறு தண்ணீரும் அருந்தாமல் ஆலயத்துக்குச் செல்லவேண்டும். 1953இல் தண்ணீர் அருந்தலாம் என்றாயிற்று. 1957இல் மூன்று மணிநேர உபவாசம் போதும் என்றாயிற்று. 1964இல் அது ஒரு மணிநேரமாகக் குறைந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின்பின் பீடம் மக்களை நோக்கித் திரும்பியது. திருப்பலி தமிழில் ஒலித்தது. 2002 ஒக்டோபரில் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் ஒளியின் தேவ இரகசியங்களைச் செபமாலையில் சேர்த்தபோது, பதினைந்து தேவ இரகசியங்களையே அறிந்து வளர்ந்த அவர், அறுபது வயதுக்கு மேலே, வியாழக்கிழமைகளுக்கென ஐந்தைப் புதிதாக மனனம் செய்தார். முதியோர் மாற்றத்தை ஏற்கமாட்டார்கள் என்று இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு வாழ்நாளில் இத்தனை மாற்றங்களை ஏற்றுக்கொண்டும் ஆலயத்தைவிட்டு விலகாதவர்களைப் பற்றி அப்படிச் சொல்வது நீதியன்று.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. திருச்சபைச் சட்டத்தின்படி அறுபதாவது வயது தொடங்கியதும் உபவாசக் கடமை முடிந்துவிடுகிறது. பெரிய வெள்ளியன்று எமது வீடுகளில் முதலில் உபவாசத்தைத் தொடங்குபவரோ, அக்கடமையிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே விடுவிக்கப்பட்டவர். இளையோர் காரணம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

திருத்தூதர் பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் தொடக்கத்தில் ஒரு பாட்டியின் பெயர் வருகிறது. லோயி என்பது அவர் பெயர். திமொத்தேயுவிடம் இப்போது விளங்கும் விசுவாசம் முதலில் பாட்டி லோயியிடமும் பின்னர் தாய் யூனிக்கியிடமும் குடிகொண்டிருந்தது என்கிறார் பவுல். புதிய ஏற்பாட்டில் பாட்டி என்ற சொல் இடம்பெறுவது இந்த ஓரிடத்தில் மட்டுமே. திமொத்தேயுவின் தந்தை கிரேக்கர் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. அந்த வீட்டில் விசுவாசம் இறங்கி வந்தது பெண்கள் வழியாகவே என்பதைப் பவுல் அறிந்திருந்தார். இளம் ஆயர் ஒருவருக்குத் துணிவூட்ட வேண்டிய நேரத்தில், உன் பாட்டியை நினைத்துக்கொள் என்று அவர் சொல்வது சாதாரணமான விடயமா?

எமது மண்ணின் திருச்சபை வரலாறும் இதையே சொல்கிறது. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானது. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர், வழிபாடு தடைசெய்யப்பட்டது, ஆலயங்கள் கைமாறின. மாந்தையிலிருந்து மாதாவின் திருச்சொரூபத்தை எடுத்துக்கொண்டு கத்தோலிக்கக் குடும்பங்கள் மடுக் காட்டுக்குள் சென்றதாக மரபு கூறுவதும் அக்காலத்தைப் பற்றியே. 1687இல் கோவாவிலிருந்து வந்த யோசேவாஸ் அடிகளார், கழுத்தில் செபமாலை அணிந்து பிச்சைக்காரர் கோலத்தில் வீடு வீடாகச் சென்றார். அந்த மாலையை யார் அடையாளம் காண்கிறார்களோ அவர்களே தாம் தேடும் மந்தை என்பது அவருடைய கணிப்பு. இடைப்பட்ட காலம் இருபத்தொன்பது ஆண்டுகள். 1658இல் பிறந்த பெண்பிள்ளை அதற்குள் தாயாகியிருப்பாள்; குருவானவர் ஒருவரைக் கண்ணால் காணாமலேயே தன் பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் வரையக் கற்பித்திருப்பாள். அவளுக்குக் கற்பித்தவர் யார்? 2015 சனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் அடிகளார் புனிதராக உயர்த்தப்பட்டபோது நாம் மகிழ்ந்தோம். அவர் வரும்வரை தணலை ஊதி வைத்திருந்த பாட்டிமாருக்குப் பெயருமில்லை, திருநாளுமில்லை.

அந்தத் தணலை எமது தலைமுறையும் கண்டது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் வெளியேறினர். மயிலிட்டி மக்களுக்கு அவர்களது நிலத்தின் ஒரு பகுதி மீளக் கிடைக்க 2017 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தது. ஆலயமணி இல்லை, பங்குத்தந்தையை எப்போதும் காண முடியாது, மறைக்கல்வி வகுப்புக்குக் கட்டடமில்லை. பங்கருக்குள்ளும் மரநிழலிலும் தறப்பாள் கொட்டில்களிலும் பிள்ளைகளை இருத்திச் செபமாலையைத் தொடங்கியவர்கள் அம்மம்மாக்களும் அப்பாச்சிமாரும்தான்.

இவர்களது செபம் வெறும் ஒப்புவிப்பு. பொருள் உணராமல் வாய் உச்சரிப்பது. விவிலிய அறிவில்லாத பக்தி என்று குறை கூறுவோர் எம்மிடையே உள்ளனர். படித்தவர்கள்தான் அதிகம் கூறுகின்றனர். அக்குறையில் ஓரளவு உண்மை இருக்கலாம். விவிலியத்தை அவர்கள் கைகளில் கொடுக்கத் திருச்சபையே தாமதித்தது என்பதையும் அதனுடன் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆயினும் எறிகணை விழும் இரவில் புத்தகத்தைத் திறந்து படிக்க வெளிச்சமிருப்பதில்லை. மனனமாயிருந்தது மட்டுமே அங்கு உதவியது. துக்க தேவ இரகசியங்களைச் சொல்லும்போது தன் மகனை இழந்த தாய்க்குப் பொருள் தெரியவில்லை என்று யார் கூறத் துணிவார்?

நான்காம் நூற்றாண்டில் வட ஆபிரிக்காவில் வாழ்ந்த புனித மோனிக்காவை நாம் கண்ணீரின் தாய் என்று மட்டும் அறிவோம். மகன் அகுஸ்தீனார் தம் வாழ்வை இறைவனுக்கு எடுத்துரைக்கும் நூலில் காட்டும் மோனிக்கா, எமது மூதன்னையர் பலருக்கு மிகவும் நெருங்கியவர். 383இல் அகுஸ்தீனார் கார்த்தேஜிலிருந்து உரோமைக்குக் கப்பலேற முடிவு செய்தார். தாய் விடவில்லை; துறைமுகம் வரை பின்தொடர்ந்தார். மகன் அவரை ஏமாற்றினார். அருகிலிருந்த புனித சிப்பிரியானின் நினைவாலயத்தில் தாய் இரவு முழுவதும் கண்ணீருடன் செபித்துக்கொண்டிருக்க, மகன் ஏறிய கப்பல் புறப்பட்டது. விடிந்தபோது கரையில் தாய் மட்டுமே நின்றார். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் முகவர்களின் பின்னே இரவோடிரவாகப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அல்லது அவர்கள் போனதே தெரியாமல் எழுந்து, மறுநாட் காலை திருப்பலிக்குச் சென்ற தாய்மார் இப்பக்கத்தை வாசிப்போரிடையேயும் இருப்பர்.

மோனிக்கா பின்னர் மிலான் நகர் சென்று மகனுடன் வாழ்ந்தார். தன் நாட்டு வழக்கப்படி மறைசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கூழும் அப்பமும் திராட்சை இரசமும் கொண்டு சென்றபோது வாயில்காப்போன் தடுத்தான். ஆயர் அம்புரோஸ் அதை அனுமதிப்பதில்லை என்றான். வாழ்நாள் முழுதும் செய்துவந்த வழக்கம் அது. மோனிக்கா வாதாடவில்லை, அடுத்தமுறை வெறுங்கையுடன் செபிக்கச் சென்றார். தாய் இவ்வளவு இலகுவாகக் கீழ்ப்படிந்ததைக் கண்டு மகனே வியந்ததாக எழுதுகிறார். ஊருக்கு ஊர் வழிபாட்டு முறை மாறியபோது எமது இடம்பெயர்ந்த அன்னையரும், பாடத் தெரியாத பாடல்களுக்கிடையே, அறிமுகமற்ற வாங்குகளில், இதையே செய்தார்கள்.

387இல், தமது ஐம்பத்தாறாவது வயதில், ஊர் திரும்பும் வழியில் ஒஸ்தியாத் துறைமுகத்தில் மோனிக்கா நோயுற்றார். கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் தமக்கென இடமொன்றை அவர் முன்னரே ஆயத்தம் செய்து வைத்திருந்தார்; அங்கு அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஏக்கம். இறுதியில் அதையும் விட்டுவிட்டார். உடலை எங்கு வேண்டுமானாலும் அடக்கம் செய்யுங்கள், ஆண்டவரின் பீடத்தில் மட்டும் என்னை நினைவுகூருங்கள் என்பதே பிள்ளைகளிடம் அவர் கேட்டது. தம் ஊர்ச் சேமக்காலையில் கணவருக்கு அருகே துயில விரும்பி, வன்னியிலோ கொழும்பிலோ தொரன்ரோவிலோ அடக்கம் செய்யப்பட்ட அன்னையர் எத்தனை பேர்! அவர்கள் விட்டுச்சென்ற கோரிக்கையும் பெரும்பாலும் இதுவே. பூசைக்குக் கொடுங்கள் என்பார்கள், வேறொன்றும் கேட்கமாட்டார்கள்.

அவர்கள் உயிரோடிருக்கும்போது நாம் செய்வது என்ன என்பதே எமக்குக் கவலை தருகிறது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் ஆலயக் கூரைக்குத் தாராளமாக நன்கொடை அனுப்புகின்றனர். அந்தக் கூரையின் கீழ் ஞாயிறு காலையில் தாயைக் கொண்டுவந்து இருத்த ஓர் ஆட்டோ ஒழுங்கு செய்யப்படுவதில்லை. வேலைக்கு வரும் பெண்ணுடன் அவர் தனியே இருக்கிறார். தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ திருப்பலி பார்க்கிறார். அவருடைய இறுதிச் சடங்கோ மூன்று கண்டங்களுக்கு நேரலையாக ஒளிபரப்பாகிறது. பங்குகளும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. முதல் வெள்ளிதோறும் நோயாளருக்கு நற்கருணை கொண்டுசெல்லும் வழக்கம் பல இடங்களில் உயிரோடு இருக்கிறது. சில இடங்களில் பெருவிழாக் காலங்களுக்கு மட்டும் சுருங்கிவிட்டது. அறுபது ஆண்டுகள் பீடத்தை நோக்கி நடந்தவரிடம் பீடம் ஒரு மாதம் நடந்து வரக்கூடாதா? அன்பியக் குழுக்கள் தம் எல்லைக்குள் வீட்டோடு இருப்போரின் பெயர்களைப் பங்குத்தந்தையிடம் கொடுத்தால், நற்கருணைப் பணியாளர்கள் ஒரே காலையில் சுற்றிவரக் கூடிய வேலைதான் இது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், கிறிஸ்துவைப் பற்றித் தமக்கு முதலில் அறிவித்தவர் தம் பாட்டி ரோசா என்று பலமுறை கூறியவர். 2021இல் அவர் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாளை ஏற்படுத்தி, புனித சுவக்கீன் அன்னம்மாள் திருநாளையொட்டி ஜூலை மாத நான்காம் ஞாயிறை அதற்கென ஒதுக்கினார். எமது பங்குகளில் அன்று பொன்னாடை போர்த்துகிறோம், அன்பளிப்புப் பொதி கொடுக்கிறோம், படம் எடுக்கிறோம். அவர்களைப் பேசவைப்பதில்லை. புதுநன்மைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளை நான்கைந்து பேராக ஒரு மூதாட்டியின் வீட்டுக்கு அனுப்பலாம். அவர் அறிந்த பழைய செபமொன்றை அவர் வாயாலேயே கற்று வரட்டும். பெரிய வெள்ளியில் பாடப்படும் பசாமின் இராகத்தை இனி யாரிடம் கேட்பது என்று பாடகர் குழுக்கள் தேடும் முன்னர் அதையும் கேட்டு வரட்டும். குண்டு விழுந்த காலத்தில் எப்படிச் செபித்தீர்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால், அவர் சொல்லப்போகும் பதில் எந்த மறைக்கல்விப் பாடநூலிலும் இல்லை.

லூக்கா நற்செய்தியில் எருசலேம் ஆலயத்தைவிட்டு நீங்காத முதிய கைம்பெண் ஒருவர் வருகிறார். பானுவேலின் மகள் அன்னா. மணமாகி ஏழு ஆண்டுகள் கணவருடன் வாழ்ந்து, பின் எண்பத்துநான்கு வயதுவரை நோன்பிலும் செபத்திலும் நிலைத்தவர். குழந்தை இயேசுவைக் கண்டதும், எருசலேமின் மீட்புக்காகக் காத்திருந்த எல்லோரிடமும் அவர் அக்குழந்தையைப் பற்றிப் பேசினார். அதே நாளில் அதே ஆலயத்தில் சிமியோன் சொன்னவை முழுமையாக எழுதப்பட்டுள்ளன. திருச்சபை அவற்றை ஒவ்வோர் இரவும் செபிக்கிறது. அன்னா பேசினார் என்பது மட்டுமே எழுதப்பட்டுள்ளது. பேசிய சொற்களில் ஒன்றேனும் எமக்குக் கிடைக்கவில்லை. இன்று வீட்டுக்கு வீடு கைப்பேசி இருக்கிறது. பிள்ளைகள் விடுமுறையில் ஊருக்கு வரும் ஆடி, ஆவணி மாதங்களில், அம்மம்மாவின் பக்கத்தில் அமர்ந்து அந்தக் குரலைப் பதிந்துவைக்க ஒரு மாலைப்பொழுது போதும்.